மீன் வைத்த வீடுகள்

மேல்மடுவுக்கு ஏறும் பாறையில் நெல்லிமடு ஊர்க்காரர் தீர்த்தகிரி முன்னால் போனார். ஏணிப்பாறை அருவி அந்த ஆனி மாதத்தில் ஒரு கைப்பிடி கனத்துக்குத்தான் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் ஏறிய ஆனந்திக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. வேலூரில் ஒரு கல்லூரியில் மீன்களின் மரபணுவை ஆராய்வது அவள் வேலை. மூன்று வருடமாக இந்த மலைக்கு வந்துபோகிறாள். கொண்டுவந்திருந்த செய்தியை மடுவின் கரையில் நின்றுதான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தாள்.

அருவிக்குக் கீழே ஒரு மடு, மேலே ஒரு மடு. இரண்டிலும் இருப்பது கல்லொட்டி மீன். விரல் நீளம் இருக்கும். பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். பார்வைக்கு இரண்டு மடுவின் மீனும் ஒன்றேதான். மாசி மாதம் வந்தபோது இரண்டிலும் சில மீன்களைப் பிடித்து, வால் நுனியில் கடுகளவு நறுக்கி எடுத்துக்கொண்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டிருந்தாள். தாய்வழியாக மட்டும் இறங்கி வரும் ஒரு மரபணுத் துண்டை அந்தத் துணுக்குகளில் படித்துப் பார்த்தபோது, கீழ்மடு மீன் சமவெளி ஆற்று மீனோடு ஒத்துப்போனது. மேல்மடு மீன் எதனோடும் ஒத்துப்போகவில்லை. மனிதர் இந்த மலையில் கால் வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அருவி பிரித்துவைத்த வம்சம் அது. இரண்டு மாட்டுவண்டி அகலமுள்ள ஒரு மடுவில், யார் கண்ணிலும் படாமல் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

அதன் கரையில் கன்னிமார் ஏழு பேரும் கல்லாக நிற்கிறார்கள். அதனால் நெல்லிமடு ஊரார் யாரும் அங்கே வலை போடுவதில்லை. அந்த மீன் பிழைத்ததற்கு அந்த பக்திதான் காரணம் என்று ஆனந்தி நம்பினாள்.

"மேடம், ஜல்தி வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்றேன்" என்றார் தீர்த்தகிரி.

மடு முழங்காலளவுக்கு வற்றியிருந்தது. அந்தக் கொஞ்சத் தண்ணீரில் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. கல்லின் பாசி முழுக்க வழிக்கப்பட்டு, பாறை மொட்டையாக வெளுத்திருந்தது.

"இவ்ளோ மீன் ஏதுண்ணா? மாசில இல்லியே?"

"கீமடு வத்திப்போச்சில்ல. நீங்கதான போன்ல சொன்னீங்க, எப்படியாச்சும் காப்பாத்துங்கன்னு. நானும் எங்க வூட்டுக்காரி மங்கம்மாளும் கொடத்துல மொண்டு மொண்டு தூக்கியாந்து இங்க வுட்டோம். இடுப்பு ஒடிஞ்சிபோச்சி போங்க. ஆனா கன்னிமாருங்க காலடில வுட்டாச்சி, இனி அதுங்க பாத்துக்கும்."

ஆனந்தி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா மேடம், மயக்கமா? தண்ணி கொண்டாரட்டுமா?"

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னாள். மேலே இருந்தது வேறு வம்சம், கீழே இருந்தது வேறு வம்சம், இங்கே இருக்கிற பாசி இரண்டுக்கும் போதாது, கலந்து முட்டையிட்டால் மேல்மடு வம்சமே இல்லாமல் போய்விடும் என்று மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தீர்த்தகிரி தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"செத்துச் செத்து மெதந்திச்சி மேடம்" என்றார் கடைசியில். "வெய்யிலுக்குன்னு நெனச்சேன். அப்ப நான்தான் சாமி மீனை அழிச்சிட்டனா?"

"நீங்க இல்லண்ணா. காப்பாத்துங்கன்னு சொன்ன நான், எங்க உடணும்னு சொல்லல."

அன்பால் செய்த பிழையும் பிழைதான். ஆனால் கோடை வெயிலில் குடம் சுமந்து அந்தப் பாறையை ஏறியவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. கல்லொட்டி முதல் மழை வெள்ளத்தில்தான் முட்டையிடும். அதற்குள் மடுவில் உயிரோடிருக்கும் மீனையெல்லாம் பிடித்து, ஒவ்வொன்றையும் சோதித்து, கீழ்மடு மீனைக் கீழே ஆற்றில் விட்டுவிட வேண்டும். மேல்மடு மீனை மட்டும் இங்கே திரும்ப விட வேண்டும். சோதனை முடிகிறவரை எல்லா மீனையும் தனித்தனியாக உயிரோடு வைத்திருக்க வேண்டும். வேலூருக்குக் கொண்டுபோகவும் முடியாது. முதல் வருடம் கீழ்மடுவிலிருந்து எடுத்துச் சென்றவை ஜீப் குலுக்கலில் அமிர்தி தாண்டுவதற்குள் செத்துப்போயின.

ஊர் கூடியது. கன்னிமாரிடம் பூக்கேட்டார்கள். கல்லின் உச்சியில் வைத்த அரளிப்பூ வலப்பக்கம் விழுந்தது. உத்தரவு கிடைத்துவிட்டது. ஆனால் சாமி மீனைப் பிடித்து அடைத்து வைக்கக் கூடாது, வீட்டுக்கு வந்த விருந்தாளியாகத்தான் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு வீட்டுக்கு ஒரு மீன். மீன் இருக்கிற வீட்டில் அது திரும்பிப் போகிறவரை கவிச்சி சமைப்பதில்லை.

மறுநாள் நெல்லிமடுவில் பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், அலுமினிய அண்டா எல்லாம் வெளியே வந்தன. ஆனந்தி ஒவ்வொரு மீனின் வாலிலும் மேல் முனையைத் துளி நறுக்கி, துணுக்கைச் சின்னக் குழாயில் போட்டு, வீட்டுப் பெயரை எழுதினாள். பாறை இடுக்குகளிலெல்லாம் கைவிட்டுத் துழாவி, ஒன்றும் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டாள். குடத்துக்கு ஒரு பாசிக்கல். கல்லொட்டி துள்ளி வெளியே விழும் என்பதால் குடத்தின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னாள்.

"இது தேவலாம் மேடம்" என்றாள் இளவரசி, தன் அண்டாவை எட்டிப் பார்த்து. "கல்ல நக்கிக்கினு வாயத் தொறக்காம கீது. எங்க வூட்டுக்கு வர்ற விருந்தாளிங்க இப்படி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!"

"உங்க நாத்தனார் காதுல வுழுவப்போவுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

தீர்த்தகிரியின் மருமகள் சசிகலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷன் வெற்றிச்செல்வன் ஆம்பூரில் வேலையில் இருந்தான். சித்திரையில் வலி கண்டு, ஜீப் வந்து சேர்வதற்குள் அவளுக்குப் பிள்ளை இறந்து பிறந்தது. அதிலிருந்து அவள் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ஊரில் சிலர் அவளை ராசியில்லாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவளாகவே வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணு குடுங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

இளவரசியின் அண்டாவுக்குப் போனது ஆண் மீன். சசிகலாவின் குடத்துக்குப் போனது முட்டை கட்டிய பெண் மீன். வயிறு மஞ்சளாக உப்பியிருந்தது. சசிகலா அதைத் தானே மெல்லக் குடத்துக்குள் இறக்கிவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஆனந்தி புதூர்நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மலைக்கு மேலே கருமேகம் கூடியிருந்தது. தீர்த்தகிரி ஜீப்போடு காத்திருந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது.

"எத்தினி மேடம்?"

"ரெண்டுதாண்ணா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை வீட்டுக் குடங்களில் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் அவர் தன் கையால் தூக்கி வந்தவை.

"ஆனா கேளுங்கண்ணா. ஒண்ணு இளவரசி வூட்ல, ஆணு. இன்னொண்ணு உங்க வூட்லயே கீது. பொண்ணு. ஜோடி இருக்குதுண்ணா. முட்டையோட கீது. மழைக்கு முன்னாடி ரெண்டையும் மேல வுட்டுட்டா..."

"நம்ம வூட்லயா?" அவர் கண்ணைத் திறந்தார். "நம்ம சசி வெச்சிக்கினு கீற மீனா? தாயே!" கன்னிமார் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொல்வேன் மேடம். நீங்க சொல்லக் கூடாது."

ஜீப் சத்தம் கேட்டு வீட்டு வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சசிகலா குடத்தை வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்துத் துணியை அவிழ்த்தாள். தலைவாரி, பொட்டு வைத்திருந்தாள்.

"நேத்துகூட கல்ல மாத்தினேன்க்கா. பழைய கல்லுல பாசியே இல்ல, எல்லாத்தையும் தின்னுடுச்சி. வயிறுகூட இளைச்சிட்ட மாதிரி கீது, சரியா தீனி இல்லியோ இன்னாவோ."

ஆனந்தி ஒரு கிண்ணத்தில் மீனை ஏந்தி எடுத்தாள். மீன் வாலை விசிறிபோல விரித்தது. மேல் முனையும் கீழ் முனையும் ஒழுங்காக, முழுசாக இருந்தன. நறுக்கிய இடமே இல்லை. பத்து நாளில் வால் அப்படி வளர்ந்துவிடாது.

அவள் நிமிர்ந்தாள். தீர்த்தகிரி "நம்ம வூட்டு..." என்று தொடங்கிய வாயை மூடாமல் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மீனையும் நறுக்கும்போது பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். சமையலறை வாசற்படியில் அவர் மனைவி மங்கம்மாள் நின்றிருந்தாள். முந்தானைக்குள் அவள் கைகள் கூப்பியிருந்தன. கண்கள் ஆனந்தியை விட்டு நகரவில்லை.

ஆனந்திக்குப் புரிந்துவிட்டது. இது அவள் நறுக்கிவிட்டுப் போன மீன் இல்லை. எத்தனையோ காலம் இறங்கி வந்த வம்சம் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் முடிந்திருக்கிறது. அதைக் கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. சாமி மீன் செத்தது யார் வீட்டில் என்பதை இந்த ஊர் மறக்காது. வாசலில் நிற்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் ராசியில்லாதவள் என்ற அந்தச் சொல்லை நாளைக்கு யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள்.

"இன்னாக்கா பேச மாட்டேன்றீங்க?" சசிகலாவின் முகம் வாடத் தொடங்கியது. "என்னுது சாமி மீன் இல்லியா?"

ஆனந்தி பொய் சொல்லிப் பழகாதவள். கிண்ணத்தில் இருந்த மீனைப் பார்த்தாள். அதைப்பற்றி அவளால் ஓர் உண்மையைச் சொல்ல முடிந்தது.

"இல்ல சசி. இது கீழ இருக்கற மீனு."

"அப்ப ஆத்துல கொண்டுபோய் உடணுமா?"

"வேணாம். உன் கைக்குப் பழகிடுச்சி. நீயே வெச்சிக்கோ."

"நெஜமாவா?" சசிகலா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "இதுக்கு ஒரு பேரு வெச்சிகிறேன்க்கா. சொன்னா சிரிப்பீங்க." அவளே சிரித்தாள். சித்திரைக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரிப்பு கேட்டது அதுதான் முதல் தடவை. தீர்த்தகிரி சட்டென்று திரும்பி, ஜீப்பில் ஏதோ எடுக்கப்போகிறவர்போல நடந்து போய்விட்டார்.

இளவரசியின் மீனை மேல்மடுவுக்குக் கொண்டுபோக மங்கம்மாள் தானாகவே குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாறையில் பாதி ஏறிய பிறகுதான் பேசினாள்.

"துணிய சரியா கட்டாம தூங்கிட்டா, கண்ணு. விடியக்காலம் எழுந்து வர்றேன், தரையில கெடக்குது. ஆடாம அசையாம. அவ எழுந்து வந்து அதப் பாத்தான்னா... இன்னொரு வாட்டி அவ அப்படி ஒண்ணப் பாக்கக் கூடாதும்மா. ஓடிப்போய் ஆத்துல துண்டப் போட்டு ஒண்ணப் புடிச்சியாந்து உள்ள வுட்டேன். எத்தினியோ மீன் கீதே, இது ஒண்ணால இன்னா ஆவப்போவுதுன்னு நெனச்சேன்."

ஆனந்தி குடத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"அதுதானா?" என்று கேட்டாள் மங்கம்மாள். "சாமி மீன் அதுதானா?"

"ஆமாங்க."

மங்கம்மாள் குடத்தை இறக்கவில்லை. அழவுமில்லை. "வயித்துல முட்டையோட இருந்திச்சி" என்றாள். "தூக்கிப் போட மனசு வரல. கொயந்தைய வெச்சமே, அந்த எடத்துக்குப் பக்கத்துலயே குழி தோண்டி வெச்சேன்."

இருவரும் மீதிப் பாறையை ஏறினார்கள். மடு அமைதியாகக் கிடந்தது. மற்ற மீன்களெல்லாம் போன பிறகு கல்லில் இளம்பாசி மறுபடியும் படரத் தொடங்கியிருந்தது. மங்கம்மாள் குடத்தைத் தண்ணீரில் சாய்த்தாள். வால் நறுக்கிய அந்த ஆண் மீன் வெளியே வந்து, சற்று நின்று, பெரிய பாறையின் நிழலுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"இந்த இடுக்குல எங்கனா இன்னொண்ணு இருக்காதா?"

"தேடினோமேக்கா."

முதல் தூறல் விழுந்தது. பிறகு மழை வலுத்தது. தண்ணீர் கலங்கி, மடுவின் ஓரங்கள் நனைந்து உயர்ந்தன. மீன் பாறையை விட்டு வெளியே வந்து மடுவை ஒரு முறை சுற்றியது. ஓடைத் தண்ணீர் உள்ளே வரும் வாய்க்குப் போய் நின்றது. திரும்பி வந்து, மறுபடியும் சுற்றியது. அது எதைத் தேடுகிறது என்பது ஆனந்திக்குத் தெரியும். வேலூரில் குளிர்பெட்டிக்குள் சின்னக் குழாய்களில் அதன் இனத்தின் துணுக்குகள் இருக்கின்றன. படிக்கலாம், எண்ணலாம், கட்டுரை எழுதலாம். இந்த மழையில் அவற்றால் இதனிடம் வந்து சேர முடியாது.

"போலாம்க்கா, பாறை வழுக்கும்."

"நீ போம்மா. சசி தனியா கீறா, இவரும் மனசு ஒடைஞ்சிபோய்ட்டாரு. ஆளுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி வெச்சிக் குடு." மங்கம்மாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கன்னிமார் கல்லோரம் உட்கார்ந்தாள். "நான் செத்த நேரம் இங்கியே குந்திகினு இருக்கறேன். இதுவும் தனியாதான கீது."

ஆனந்தி கொஞ்ச தூரம் இறங்கித் திரும்பிப் பார்த்தாள். மழைக்குள் மங்கம்மாள் தண்ணீரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். ஒரு மீனுக்கு ஒரு மனுஷியின் துணையால் என்ன ஆகும் என்று கன்னிமாருக்குத்தான் தெரியும். ஆனந்தி அவர்களைப் பார்த்து ஒரு முறை கும்பிட்டாள். பிறகு சசிகலாவுக்குக் காப்பி வைக்க, பாறையைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள்.