நுழைந்த பிறகு

அண்ணன் அவளுடைய கைப்பையைப் பறித்து ஆஸ்பத்திரி பெஞ்சில் கொட்டினான். சாவி, சீப்பு, பாதி தின்ற பிஸ்கட். மருந்து இல்லை.

"எங்கடி அது? உன் லேப்ல இருக்குன்னு சொன்னேல்ல?"

"இருக்குன்னுதான் சொன்னேன். எடுத்துட்டு வரேன்னு சொல்லல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்கு மெஷின் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். அப்பா தொழிற்சாலை வாசலில் காவலாளி. வைரஸை செல்லுக்குள் நுழையவிடாத மருந்தில் மகள் வேலை செய்கிறாள் என்று கேட்டதிலிருந்து, "இவளும் என்னை மாதிரி வாட்ச்மேன்தான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

"அது வாசல்லயே மறிக்கிற மருந்து. கிருமி உள்ள போய் நாளாச்சு. இப்பக் குடுத்தா தண்ணி குடுத்த மாதிரிதான்."

"போறவருக்குத் தண்ணியாவது குடேன்டி."

அவளுக்கு மட்டும் வலிக்காதா? செல் வளர்க்கும் லேப் தட்டுகளில் எத்தனையோ முறை பார்த்தவள். முதலில் மருந்தும் பிறகு வைரஸும் விட்டால் செல்கள் பிழைக்கும். வரிசை மாறினால் ஒன்றும் மிஞ்சாது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ஒருத்தர் மட்டும் வாங்க. சீக்கிரம்."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். அண்ணன் குறுக்கே நின்றான்.

"அம்மாவுக்கு இன்னும் தொத்தலையே. அவங்களுக்கு அந்த மருந்து கேக்கும்ல?"

இவ்வளவு நேரம் அவள் சொன்ன காரணம் இதற்குப் பொருந்தாது.

"கேக்கலாம். ஆனா இன்னும் மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கல, வேற என்னல்லாம் பண்ணும்னு யாருக்கும் தெரியாது. தட்டுல இருக்குற செல்லுக்குக் கல்லீரல் இல்ல, அண்ணா. அம்மாவுக்கு இருக்கு."

"அப்போ அம்மா உள்ள போக வேணாம். ரெண்டு பேரையும் வாரிக் குடுக்க என்னால ஆகாது."

அம்மா அவனைப் பார்க்கவே இல்லை. "நீ சொல்லுடி. நான் போலாமா?"

வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"போம்மா. மாஸ்க்கை மட்டும் எடுத்துடாத."

உள்ளே அம்மா அப்பாவின் கையைப் பிடித்தாள். பிறகு திரும்பி, தன் கையுறையைக் கிள்ளிக் காட்டி, கண்ணால் கேட்டாள்.

"கூடாதுன்னு சொல்லு" என்றான் அண்ணன்.

கையில் பட்டால் கழுவிவிடலாம். அவள் தலையசைத்தாள். அம்மா கையுறையைக் கழற்றினாள். அப்பாவின் மூச்சு அடங்கி, நர்ஸ் திரையை இழுத்து மூடும் வரை, வெறுங்கை அவர் கையிலேயே இருந்தது.

வெளியே வந்த அம்மாவை அவள் குழாயடிக்கு அழைத்துப் போனாள். "முகத்துல கைய வைக்காதம்மா."

அம்மா விரல்களை மடக்கி வைத்திருந்தாள்.

"இப்பவே கழுவணுமா?"

அவள் குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து, முதலில் தன் கைகளை மெதுவாகக் கழுவ ஆரம்பித்தாள்.