சிவப்பாக எழுதிய கறுப்புக் கல்

என் மானம் போனது ஒரே காலையில். ஊர் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். மறந்தால் மனுஷனே இல்லை.

எங்கள் பழவேற்காட்டு ஏரியில் இறால் காலம் தொடங்குமுன் பாடு, அதாவது வலை போடும் இடம், பிரிப்பார்கள். எந்த வீட்டு வலை எந்த இடத்தில் என்று பானைதான் தீர்ப்புச் சொல்லும். வீட்டுக்கு ஒரு அடையாளம் உள்ளே போட வேண்டும். ஊர்த்தலைவர் ஆதிகேசவன் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பார். முதலில் வருகிறவனுக்கு முகத்துவாரம். அது கிடைத்த வீடு வருஷம் முழுக்கச் சோறு தின்னும்.

எல்லாரும் சங்கு, ஓடு, செங்கல் துண்டு என்று போடுவார்கள். என் மனைவியின் தம்பி ராமன் மட்டும் ஒரு கறுப்புக் கல் போடுவான். ஒல்லாந்தர் கப்பல்கள் ஆடாமலிருக்க அடிபாரமாகக் கொண்டுவந்து கோட்டைக்குப் பக்கத்தில் கொட்டிய குவியலில் பொறுக்கியது. போன வருஷம் முகத்துவாரம் அவனுக்கு விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கல்லில்தான் ராசி இருக்கிறது என்று நானும் அதே குவியலில், அதே அளவில் ஒரு கறுப்புக் கல்லைத் தேடி எடுத்துப் பானையில் போட்டேன். புத்தி கெட்ட வேலை.

அன்று முதலில் வந்தது ஒரு கறுப்புக் கல்.

"யாருதுப்பா இது?" என்றார் ஆதிகேசவன்.

நான் பாய்ந்துபோய் வாங்கினேன். கையில் வைத்ததும் தெரிந்துவிட்டது. என் கல் இவ்வளவு கனக்காது. இது ராமனுடையது. ஆனால் அதற்குள் என் வாய் "என்னுது" என்று சொல்லிவிட்டது.

"மாமா, அது என்னுது," என்றான் ராமன். குரலை உயர்த்தவே இல்லை. "ஒரசிப் பாருங்க, செவப்பா எழுதும். என் தோணி மூக்குல கோடு போட்டது அதாலதான்."

"கறுப்புக் கல்லு செவப்பா எழுதுமா? அப்போ காக்கா பால் கறக்குமா?" என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது, பாவி.

ஆதிகேசவன் கல்லை அந்தப் பானையின் கழுத்திலேயே தேய்த்தார். பானையும் செம்மண் நிறம். கோடு விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. "ஒண்ணும் காணலையேடா ராமா," என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் ஐந்து வயது மகள் நாகம்மாள் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் தலையில் கையை வைத்தேன்.

"எம் பொண்ணு மேல ஆணை. அது என் கல்லு."

எங்கள் குப்பத்தில் பிள்ளை தலையில் கை வைத்துச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ராமனும் தலையைக் குனிந்துகொண்டான். முகத்துவாரம் என்னுடையதாகிவிட்டது.

கோட்டையில் மூட்டை தூக்கும் தேவதாஸ்தான் கெடுத்தான். இல்லை, காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். மணலில் கிடந்த உடைந்த சீனக் கிண்ணம் ஒன்றைப் பொறுக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். மேலெல்லாம் பளபளப்பு, அடிவளையம் மட்டும் பூச்சில்லாமல் வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தது.

"செவப்புப் பானையில செவப்பு எப்படித் தெரியும் தலைவரே? இதுல ஒரசுங்க."

ஒரசினார். கறுப்புக் கல் ரத்தச் சிவப்பில் ஒரு கோடு போட்டது. பானைக்குள் கைவிட்டுத் துழாவி என் கல்லையும் எடுத்து ஒரசினார். சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு கோடு. பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். தேய்த்தால் வேறு வேறு.

"செங்கல்வராயா," என்று என்னைப் பார்த்தார் ஆதிகேசவன். திட்டியிருந்தால் தேவலை. முகத்துவாரம் ராமனுக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த அடையாளத்தை எடுக்கப் போனார். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நான் மணலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மண் பிளந்து விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அப்போது நாகம்மாள் இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, எனக்கு இன்னா ஆவும்? நான் செத்துப்பூடுவேனா?"

ராமன்தான் வந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"சீ, உனக்கு ஒண்ணும் ஆவாதும்மா. நைனா வெளாட்டுக்குச் சொன்னாரு. மாமனும் நைனாவும் வெளாடிக்கினு இருந்தோம்."

எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். என்னால் பொய்யன் என்று பேர் எடுக்க இருந்தவன் அவன்.

அவள் அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "வெளாட்டா நைனா?"

"ஆமாம்மா," என்று அவளிடமும் பொய் சொன்னேன்.