அவள் விரல் வைத்த கடல்

நீலத்துணி அசைகிறது, மின்விசிறிக் காற்றில் அதன் கீழ்விளிம்பு எழுந்து எழுந்து விழுகிறது, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ரெக்சலினின் கட்டைவிரல், வெள்ளைச் சாயத்தில் தோய்த்து அவள் அழுத்தியவை, ரேகைகூடத் தெரிகிறது, தொடாதீங்க, தொடாதீங்க என்று சொல்லிக்கொண்டே நிற்கிறேன், மண்டபத்தில் நாற்காலி போடுகிறவர்களிடம், கருத்துக்கேட்பு நடத்த வந்த அதிகாரிகளிடம். மழைக்காலக் காய்ச்சலில் என் மனைவி ரெக்சலின் போய்விட்டாள், நான் அழவில்லை, பாத்திரம் கழுவினேன், பள்ளிக்குப் போய்க் கணக்குப் பாடம் எடுத்தேன், வீடு திரும்பி இந்தத் துணியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் கை பட்டதென்று இது ஒன்றுதான் அப்படியே இருக்கிறது, அவளைப் பெற்ற தொம்மை மாமாவைக்கூட இதன்மேல் கை வைக்க விடவில்லை.

இந்தத் துணி எங்கள் கடல். கடலுக்குள் காற்றாலை நடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், ஓவியக் கல்லூரியில் படித்தவள் சும்மா இருப்பாளா, துணியைக் கடற்கரை மணலில் விரித்தாள், வள்ளத்துக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள், உங்க பார் எங்க இருக்கு என்று கேட்டாள், கடலடியில் மீன் அடையும் பாறைத்திட்டைத்தான் பார் என்போம், அவர்கள் இடம் காட்ட அவள் விரல் வைத்தாள், ஆனால் எங்கள் ஊரில் பாரை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, கூடப்பிறந்தவனுக்கும் சொல்வதில்லை, தூரத்தில் வேறு வள்ளம் தெரிந்தாலே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போவார்கள், தெரியாமல் அடுத்தவர் பாரின்மேல் வந்துவிட்டவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும், அதுதான் மரியாதை. மாமா வந்தார், தலையைச் சொறிந்தார், இங்கன வை மக்கா என்றார், அவள் வைத்தாள், வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள், பெத்த மவகிட்டயே பொய் சொல்லுதாரு மனுசன், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அப்போ மத்தவங்க என்கிறேன், அத்தன பேரும் பொய்தான் என்கிறாள், பிறகு எதுக்கு இந்தப் படம், எனக்கு அவள் கிறுக்கு புரிவதில்லை, பொய் சொல்லிக் காப்பாத்த அவங்களுக்கு ஒண்ணு இருக்குல்லா, அதத்தான் வரையுதேன், சொல்லிவிட்டு என் மூக்கில் வெள்ளைப் புள்ளி வைக்கிறாள், அது இன்னும் ஈரமாக இருக்கிறது, துடைத்துக்கொள்கிறேன், விரலில் ஒன்றுமில்லை, மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

காற்றாலை நிறுவனத்தின் இளம் பொறியாளர் பேசிக்கொண்டிருக்கிறார், மறைந்த ரெக்சலின் அவர்களோட ஓவியத்தை நகரத்துக் கண்காட்சியில பார்த்தோம், அதுதான் எங்களுக்கு வழிகாட்டி, நீங்க காட்டின ஒரு இடத்தையும் நாங்க தொடல, திரையில் எங்கள் கடல் வருகிறது, அவள் புள்ளிகள் வருகின்றன, புள்ளி இல்லாத இடங்களில் எல்லாம் சிவப்பாகக் காற்றாலைகள் முளைக்கின்றன, ஒளித்து வைத்த பார்கள் எல்லாம் அந்தச் சிவப்புக்கு அடியில், மாமாவின் கழுத்தில் வியர்வை இறங்குகிறது, பக்கத்தில் இருந்த வள்ளத்துக்காரர் இன்னாசி அவரைப் பார்க்கிறார், என்ன வே, ஒம்ம பாருக்குத்தான் ஒண்ணும் ஆகலயே, பிறகு ஏன் இப்படி வேர்க்கி, மாமா பல்லைக் கடிக்கிறார், ஒனக்கு ஏம்ல கால் ஆடுது, இன்னாசி காலைப் பிடித்துக்கொள்கிறார். வாயைத் திறந்து இது பொய் என்றால் உண்மை எது என்று கேட்பார்கள், உண்மையைச் சொன்னால் நாளை ஊரே அந்தப் பாரில் நிற்கும், சொல்லாவிட்டால் பாரே இருக்காது. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கலாமா, அதிகாரி அம்மா பேனாவைத் திறக்கிறார். மாமா எழுந்து என்னிடம் வருகிறார், காதோரம் சொல்கிறார், மாப்ள, எம் மவ படத்த முடிக்காமப் போயிட்டா, நீரு சொன்னாத்தான், நீரு வேண்டாம்னா நான் தொட மாட்டேன்.

அவர் எங்கே பார்க்கிறார் என்று பார்க்கிறேன், துணியை அல்ல, கைநாட்டு வைக்க மேசையில் திறந்து வைத்திருந்த மைப்பெட்டியை, எனக்குப் புரிகிறது, ஒரு புள்ளி வைத்தால் பார் தெரிந்துவிடும், ஆளுக்கு நூறு வைத்தால் யாருக்குத் தெரியும், ஆனால் அவள் ரேகைகள், அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குவதுபோல் இருக்கிறது, படம் இன்னும் முடியலம்மா, என் குரல்தான், என் கட்டைவிரல்தான் மையில் அமுங்குகிறது, முதல் புள்ளியை அவள் வெள்ளையின்மேலேயே வைக்கிறேன், பிறகு மாமா, பிறகு இன்னாசி, பிறகு நாற்காலிகள் சாய எல்லோரும், தள்ளும் வே, ஒமக்கு மட்டுமா கடலு, பெண்களும் வருகிறார்கள், கடலுக்கே போகாத கோயில் கணக்கர் வருகிறார், சார் இதுல எது உண்மையான இடம் என்று பொறியாளர் என் தோளைத் தொடுகிறார், எல்லாந்தான் தம்பி, குறிச்சிக்கிடுங்க என்கிறார் இன்னாசி, அவர் துணியின் கீழ்விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருக்கிறார், அது அசையவில்லை, நீலம் போய்விட்டது, வெள்ளை போய்விட்டது, எங்கும் கருத்த விரல்கள், மாமா இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார், இங்கே, அங்கே, வேகமாக, ஓர் இடத்தில் மட்டும் அவர் விரல் அழுந்தி நிற்கிறது, எடுக்க மனமில்லாமல் நிற்கிறது, எனக்குத் துணி கலங்கித் தெரிகிறது, அடுத்தவர் பாரைப் பார்க்கக் கூடாது, அதற்காகத்தான் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும்.