பேருக்கு முன்னால் ஒரு சொல்

கல்யாணப் பத்திரிகைக்கு டிசைனர் எதற்கு என்று லாரிக்காரர் வீட்டில் குதி குதியென்று குதித்தார். அச்சகத்தில் பேரை எழுதிக் கொடுத்தால் அடித்துத் தரப் போகிறான், நடுவில் இலை வரைய ஒருத்தியா? மகள் விடவில்லை.

“அப்பா, இது போன்ல போற பத்திரிகை. ஒருத்தர் பாத்துட்டு இன்னும் நாலு பேருக்கு அனுப்புவாங்க. எங்கெங்கேயோ போகும்.”

அந்த ‘எங்கெங்கேயோ’வில்தான் மனிதர் விழுந்தார். வேலைக்கென்று வெளியூர் போன மூத்த மகனைப் பற்றி வருஷக்கணக்காகத் தகவல் இல்லை. போலீஸ் கையை விரித்துவிட்டது. கூடப் போனவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பெற்ற தகப்பனையே பாதிதான் நம்பிய லாரிக்காரர் இந்தப் பத்திரிகையை முழுசாக நம்பினார். தங்கை கல்யாணத்தில் தன் பேரும் இருப்பதை எந்த மூலையிலாவது அவன் பார்த்தால் வந்து நிற்க மாட்டானா? பேர் இருந்தால் போதும்.

அதற்காகத்தான் மருந்துக்கடை மாடிக்கு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு படியேறினார். உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற அறை. டிசைனர் சின்னப் பெண். ஒரு காலை நாற்காலி மேல் மடித்து வைத்திருந்தாள்.

“வாங்க அங்கிள்.”

“அங்கிளெல்லாம் வேணாம். வேலையக் காட்டு.”

திரையில் பச்சையும் வெள்ளையுமாகக் கொடி படர்ந்திருந்தது. நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும் பொம்மை மாதிரி நின்றார்கள்.

“மாப்பிள்ளைக்கு இவ்ளோ முடியா? போலீசுக்குத் தெரிஞ்சா மோசடி கேசு போடுவான்.”

“அப்பா!” என்று மகள் அதட்டினாலும் சிரித்துவிட்டாள். சுவரோரம் நின்ற மனைவிகூடச் சிரித்தாள்.

சாலையோர ஊர்ப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டப் பழகியவர் லாரிக்காரர். திரையில் விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். தன் பேர். மனைவி பேர். மணமகளின் சகோதரர். மகன் பேருக்கு முன்னால் ஏதோ நீளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கா. ல. ஞ். விரல் அங்கேயே நின்றது.

“காலஞ்சென்றவா? யாரு செத்தது?”

டிசைனர் மகளைப் பார்த்தாள். “அக்காதானே போன்ல சொன்னாங்க. அண்ணன் பேரு வரணும், ஆனா அண்ணன் இல்லன்னு.”

“ஊர்ல இல்லன்னு சொன்னேன்!”

“அண்ணன் இல்லன்னா நான் வேற என்னக்கா நினைப்பேன்?”

அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது. இல்லை என்ற சொல்லுக்குள் இரண்டும்தான் கிடக்கின்றன. ஆனால் லாரிக்காரருக்குக் காது அடைத்துப்போயிற்று.

“எடு அத. உசிரோட இருக்கிறவனைப் பட்டனைத் தட்டிக் கொன்னுட்டியே!”

அவள் பதறி அழித்தாள். பேர் மட்டும் தனியாக வரியின் நடுவுக்கு வந்தது. “சரிங்க. அப்ப திருவா, செல்வனா?”

“என்னது?”

“கல்யாணம் ஆனவர்னா திரு. ஆகலன்னா செல்வன்.”

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போகும்போது ஆகல” என்றார் லாரிக்காரர்.

“இப்போ?”

“பேரை மட்டும் போடு. மொட்டையா இருந்தா இருந்துட்டுப் போகுது.”

“மொட்டையாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றாள் மகள். “வர்றவங்க எல்லாம் எங்க உன் அண்ணன்னு கேப்பாங்க. தெரியல, தெரியலன்னு சொல்லிக்கிட்டே நான் மேடையில நிக்கவா? பேரையே எடுத்துடும்மா.”

“பேரு இல்லன்னா எனக்குப் பத்திரிகையே வேணாம்.”

“அப்ப இது என் கல்யாணப் பத்திரிகை இல்லப்பா. அண்ணனத் தேடுற நோட்டீசு.”

லாரிக்காரர் மகன் பேர் மேல் விரலை இன்னும் அழுத்தினார்.

“அந்த வார்த்தையையே போடும்மா.”

சொன்னது மனைவி. லாரிக்காரர் வெடுக்கென்று திரும்பினார்.

“உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

“பேரும் இருக்கும். எங்கன்னும் யாரும் கேக்க மாட்டாங்க.”

“அவன் பாத்தான்னா? நாமளே அவனைச் செத்தவன்னு...”

“அவன் பாக்க மாட்டான்ங்க.”

அவள் குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. எத்தனையோ சோதனைச் சாவடிகளில் தொண்டை கிழிய வாதாடிய மனிதர் திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். டிசைனர் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். போன சொல் திரும்பி வந்து, எழுந்தே போகாததுபோல் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

மகள் அங்கேயே வைத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டாள். படி இறங்கி முடிப்பதற்குள் லாரிக்காரரின் போன் அடித்தது. வெளியூரில் இருக்கிற தங்கை. எடுத்ததுமே அலறினாள்.

“அண்ணே, எப்போண்ணே? ஒரு வார்த்தை சொல்லலையே! கூடப்பொறந்தவ நான் ஒருத்தி இருக்கேன்னு நெனப்பில்லையாண்ணே?”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“எப்போன்னு கேக்குறா” என்றார் மனைவியிடம்.

அவள் போனை வாங்கிக்கொண்டு மருந்துக்கடை வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“அவன் சட்டையெல்லாம் மாசா மாசம் வெயில்ல போட்டு மடிச்சு வைப்பேன்ல? போன மழைக்கு அப்புறம் ஒரு நாள் அத எடுக்கவே தோணல. அன்னிக்குத்தான்ம்மா.”

போனுக்குள் தங்கை ஒப்பாரி வைத்து அழுவது தெருவரைக்கும் கேட்டது. அதைக் காதில் வைத்தபடியே மனைவியும் மெல்ல உடைந்தாள். மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, ஆளு வர்ற வழி” என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். லாரிக்காரர் பக்கத்தில் உட்காரக் குனிந்தார். அந்தப் படியில் இன்னொருவருக்கு இடமில்லை. முழங்காலைப் பிடித்தபடி மறுபடி நிமிர்ந்து நின்றார்.