இருபத்தெட்டாம் இலக்கப் பட்டி

"கசக்குது."

"பித்தம் பட்டிருக்கும். உன்ரை அத்தான் அவசரப்பட்டு வெட்டினவர். இன்னும் கொஞ்சம் மிளகு போட்டுத் தரட்டே?"

"மானுக்குப் பித்தப்பை இல்லை, அக்கா."

"ஆர் சொன்னது?"

"வேட்டைச் சோதினையிலை கேட்டவை."

"சோதினை எழுதினது நீ. மான் எழுதேல்லையே," என்று அக்கா சிரித்துக்கொண்டே தாச்சியில் இருந்ததைப் பிரட்டினாள்.

நான் அதற்குள் விழுங்கிவிட்டிருந்தேன். ஒரு துண்டுதான், கட்டைவிரல் அளவு. தொண்டையைத் தாண்டிய பிறகுதான் கேட்கவேண்டிய கேள்வி ஞாபகம் வந்தது.

"அக்கா, இந்த ஈரல் எங்காலை?"

"இதென்ன கேள்வி? நீ சுட்ட மானின்ரைதான்."

நான் சுட்ட மானின் ஈரல் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. அதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, பத்து மணிக்குச் சற்று முன்பு, அந்தப் பெட்டை மானின் வயிற்றை நானே திறந்தேன். ஈரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். புள்ளி எதுவும் இல்லை. அதை ஒரு பாண் பையில் போட்டு பிரெபெனிடம் கொடுத்தேன். எங்கள் வேட்டைக் குழுவில் அன்றைய முதல் மானின் ஈரல் தலைவருக்குப் போகும். பிரெபென்தான் தலைவர்.

கோல்டிங் நகரத்திலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் ஒரு விவசாயியின் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒன்பது பேரில் நான் ஒருத்தி. ஒரே பெண், ஒரே தமிழ் ஆள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் என் பெயரைக் கொடுத்தார். மூன்று வருடம் காத்திருந்த பிறகு, இந்த இலையுதிர்காலத்தில்தான் சேர்த்துக்கொண்டார்கள். வேட்டை மேடையில் தனியே ஏறி உட்கார்ந்து, பனி மெதுவாக மரங்களாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணித்தியாலத்துக்காக நான் எதையும் விட்டுக்கொடுப்பேன். சுடுவதுகூட அதற்குப் பிறகுதான்.

குழுவுக்கு விதிகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் பருவத்துக்கு இரண்டு மான், மானுக்கு ஒன்றாக இரண்டு பட்டிகள். மஞ்சள் நிறம், இலக்கம் அச்சடித்த பிளாஸ்டிக். ஒருமுறை இறுக்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்கலாம். மான் விழுந்த இடத்தைவிட்டு ஓரடிகூட நகர்த்த முதல், பின்னங்காலில் எலும்புக்கும் நரம்புக்கும் நடுவே கத்தியால் துளையிட்டுப் பட்டியைக் கட்டவேண்டும். ஞாயிறு மாலைக்குள் தலைவருக்குச் சொல்லவேண்டும்: இலக்கம், இடம், நேரம், கிடாயா பெட்டையா, சுட்டது யார். அவர் அதைப் புத்தகத்தில் எழுதுவார். பட்டி இல்லாத மானைக் காரில் ஏற்றியவன் அன்றே வெளியே. பட்டியைப் பிறர் கையில் கொடுத்தவனும் அப்படியே. சேர்ந்த அன்று பிரெபென் இதை இரண்டுமுறை வாசித்துக் காட்டினார், மற்றவர்களுக்கு ஒருமுறைதான் வாசிப்பார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்குக் கிடைத்தவை இருபத்தேழும் இருபத்தெட்டும். இருபத்தேழை என் மானில் கட்டினேன். இருபத்தெட்டு என் வேட்டைச் சட்டையின் உள்பையில் இருந்தது. சட்டை அக்கா வீட்டு வாசலில் தொங்கியது. நான் மூன்றாம் மாடியில் இருப்பவள், மானைத் தொங்கவிட இடமில்லை. அதனால் அக்காவின் கராஜில் தொங்கவிட்டுவிட்டுப் பின்னேர வேலைக்குப் போயிருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து நானே தோலுரிப்பேன் என்று சொல்லியும் இருந்தேன்.

"அத்தான் எங்கை?"

"கராஜிலை. பங்கு போடுறார். ஏன் முகம் இப்பிடிப் போகுது? சத்தி வருதே?"

கராஜ் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது மணம்தான். என் வேலையில் நான் எதற்கும் மூக்கைச் சுளிப்பவள் அல்ல. படுக்கைப் புண்களைக் கழுவியிருக்கிறேன். ஆனால் அந்த மணங்களுக்கெல்லாம் உரிய ஒரு மனிதர் அங்கே படுத்திருப்பார், அவர் கையைப் பிடித்துக்கொண்டால் மணம் சிறிதாகிவிடும். இங்கே பிடிக்க ஒன்றுமில்லை. இனிப்பும் புளிப்பும் கலந்து, நாக்கின் அடிவரை வந்து உட்காரும் மணம்.

அத்தான், முழுப்பெயர் கிறிஸ்துநாயகம், தரையில் விரித்த நீலப் படங்கு ஒன்றின் முன்னால் முழங்காலிட்டிருந்தார். படங்கில் ஐந்து குவியல்கள். ஊரில் ஆடடித்துப் பங்கு போடுவதைப்போலவே, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் விலா, கொஞ்சம் எலும்பு, ஒரு துண்டு ஈரல். எவருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சில துண்டுகள் கடுஞ்சிவப்பு. பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தவை சாம்பல் நிறம், ஓரத்தில் பச்சை பாய்ந்து மினுங்கின.

"வா மச்சாள்! வேட்டைக்காரி வாறா, விலகுங்கோ, விலகுங்கோ!" என்று இல்லாத கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கினார். "ஏழு பங்கு குடுத்து முடிஞ்சுது. ஹேணிங் பட்டணத்துக்குக்கூட ஆள் வந்து கொண்டு போனவை. உன்ரை பேர்தான் ஊரெல்லாம்."

"ஒரு மானிலை பன்னிரண்டு பங்கு எப்பிடி வரும்?"

"வராதுதான். அதுக்கு என்ன செய்யிறது? எங்கடை ஆக்களின்ரை போன் குறூப்பிலை பன்னிரண்டெண்டு போட்டாச்சு."

சுவரோரம் இருந்த கறுப்புப் பையை இழுத்துத் திறந்தேன். இரண்டு தோல்கள். மேலே இருந்ததைத் தூக்கியபோது மயிர் பிடியோடு கையில் வந்தது. தோலிலிருந்து ஈரமாகக் கழன்று, விரல்களுக்கு இடையே சிக்கி, உதறினாலும் போகவில்லை. வயிற்றுப் பக்கத்துத் தோலில் ஒரு துளை. துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. அடியில் ஒரு பின்னங்கால் கிடந்தது. அதில் மஞ்சள் பட்டி. இருபத்தெட்டு.

"இது எங்கை எடுத்தனீங்கள்?"

"காட்டிலைதான். வேறை எங்கை, கடையிலையே?"

முதல் நாள் அத்தான் எங்களுக்கு மானைக் கலைத்துக்கொடுக்க வந்திருந்தார். காட்டின் ஒரு முனையிலிருந்து கைதட்டிக்கொண்டு நடந்துவரும் நான்கு பேரில் ஒருவர். வடக்குக் கால்வாயில், சாய்ந்த பேர்ச் மரத்தடியில், பாதி தண்ணீரில் பாதி புல்லில், ஒரு இளங்கிடாய் செத்துக் கிடந்ததைக் கண்டிருக்கிறார். எவரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் போனபின் திரும்பிப்போய்க் காரில் ஏற்றியிருக்கிறார்.

"ஊதிக் கிடந்திருக்குமே!"

"கொஞ்சம். குத்தினவுடனை காத்துப் போயிட்டுது." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நாறினதெல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுபோட்டன். இருபத்திரண்டு வருசம் இறைச்சிப் பக்டரியிலை பண்டி வெட்டினவனுக்கு நீ இறைச்சி படிப்பிக்கிறியே?"

"அங்கை இப்பிடி ஒரு பண்டி வந்தா என்ன செய்வீங்கள்?"

அவர் கத்தியைக் காற்சட்டையில் துடைத்தார்.

"என்ரை பட்டியை ஏன் தொட்டனீங்கள்?"

"நீதானே சொன்னனி, காலிலை மஞ்சள் பட்டி கிடந்தா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்கள் எண்டு. றோட்டிலை பொலிஸ் மறிச்சா? அதுதான் எல்லாம் முறைப்படி செய்தனான்."

முறைப்படி. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஈரல் மேலே வந்தது. கராஜின் வெளிவாசலுக்கு ஓடிப்போய்க் கற்களின்மேல் சத்தி எடுத்தேன். கசப்பு என்னவென்று இப்போது தெரிந்தது. குண்டு குடலைக் கிழித்து, உள்ளே இருந்த பாதி செரித்த புல் இரண்டு நாளாக ஈரலோடு ஊறியிருக்கிறது. அதை அக்கா மிளகு போட்டு வறுத்திருக்கிறாள்.

திரும்பி வந்தபோது அத்தானின் கைபேசி பெட்டிக்குளிரூட்டியின்மேல் ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தது. படங்கள். நெய்ச்சோற்றின்மேல் கறுத்த கறி. 'வேட்டைக்காரிக்கு நன்றி.' ஒரு படத்தில், பங்கு வாங்கிப் போயிருந்த துஷாராவின் மூன்று வயதுப் பிள்ளை கன்னம் முழுக்கக் குழம்போடு சிரித்தது.

"கெட்ட இறைச்சி எண்டு குறூப்பிலை போடுங்கோ. இப்பவே."

"விசரே உனக்கு? நல்லதும் கிடக்குத்தானே."

"எந்தப் பையிலை நல்லது? சொல்லுங்கோ பாப்பம்."

அவர் குவியல்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் விளங்கியது என்று நினைக்கிறேன். ஒரு வீட்டுக்கும் அநியாயம் வராமல் அவ்வளவு கவனமாகப் பிரித்திருந்தார். அதனால் ஒரு வீடும் தப்பவில்லை.

"மச்சாள், நான் இனி எப்பிடிக் கோயிலடியிலை நிக்கிறது?" குரல் இறங்கியிருந்தது. "ஒண்டும் வராது. நல்லா அவிச்சா எல்லாம் செத்துப்போம். ஆராவது கேட்டா ரெண்டையும் நீதான் சுட்டதெண்டு சொல்லன். பட்டியும் உன்ரைதானே."

கதவடியில் அக்கா நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது, கையில் அகப்பை இருந்தது. தோல் பையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அத்தானின் கைபேசியை எடுத்து, குறூப்புக்குக் குரல்பதிவை அழுத்தி, முகத்துக்குக் கிட்டப் பிடித்துக் கத்தினாள்:

"நான் மேரிகிறேஸ் கதைக்கிறன். மான் இறைச்சி பழுது. கறியைச் சட்டியோடை கொண்டுபோய்க் கொட்டுங்கோ. திண்ட ஆக்கள் டொக்டருக்கு அடிச்சுக் கேளுங்கோ. பிழை இந்த வீட்டு ஆம்பிளையின்ரை. என்ரை தங்கச்சியை ஒருத்தரும் ஒண்டும் சொல்லப்படாது."

கைபேசியை அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். தாச்சியைச் சுரண்டிக் கொட்டும் சத்தம் கேட்டது.

மிச்சம் என் வேலை. கையில் மயிரும் நிணமும் ஒட்டியிருந்ததால் என் கைபேசியைப் பெட்டிக்குளிரூட்டியின்மேல் வைத்து, சின்னவிரலால் அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டேன். பிரெபென் உடனே எடுத்தார். டேனிஷ் மொழியில் ஒன்றையும் விடாமல் சொன்னேன். நான் சுட்டது ஒன்று. மற்றது செத்துக் கிடந்தது. என் பட்டியை அத்தான் எடுத்துக் கட்டியிருக்கிறார். அதைச் சட்டைப் பையில் விட்டுப்போனது நான்.

"அது பெரிய விஷயம், செலீனா," என்றார். "பட்டி என்பது உன் கையொப்பம். குழு கூடித்தான் பேசவேண்டும். நீ வெளியே போகவேண்டி வரலாம்."

"தெரியும்."

"எங்கே கிடந்தது?"

"வடக்குக் கால்வாய். சாய்ந்த பேர்ச் மரத்தடியில். இளங்கிடாய். வயிற்றில் குண்டு, இரண்டு நாளாவது இருக்கும்."

அந்தப் பக்கம் ஒரு கதவை மெதுவாகச் சாத்துவது கேட்டது. பிறகு அவர் பேசியபோது குரல் மிகவும் கிட்டத்தில் வந்திருந்தது.

"வியாழன் பின்னேரம் நான் அங்கே நின்றேன். ஒரு வெடி. தவறிவிட்டது என்று நினைத்தேன்."

"தேடும் நாயைக் கூப்பிட்டீர்களா?"

"மழை பெய்தது. அடுத்த நாள் முழங்கால் வலி."

தவறியது என்று நிச்சயமாகத் தெரியாத ஒவ்வொரு வெடிக்கும் நாயை அழைக்கவேண்டும். அவர் வாசித்துக்காட்டிய விதிகளில் அதுவும் இருந்தது. அந்தக் கிடாய் வயிற்றில் துளையோடு தண்ணீரைத் தேடி நடந்திருக்கும். எவ்வளவு நேரம் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. என் கையில் ஒட்டியிருந்த மயிரைப் பார்த்தேன். அது மற்றவர்களிடமிருந்து வந்து என்னில் ஒட்டியதுபோல இருந்தது.

"கேள், செலீனா," என்று பிரெபென் தொண்டையைச் செருமினார். "இருபத்தெட்டு ஏற்கனவே கட்டியாகிவிட்டது. நான் இப்படி எழுதுகிறேன்: சனிக்கிழமை, இளங்கிடாய், செலீனா. உனக்கு இரண்டு பட்டியும் முடிந்தது, அவ்வளவுதான். குழு கூடத் தேவையில்லை. யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு பேருக்கும் சுகம்."

அத்தானுக்கு டேனிஷ் நன்றாகவே விளங்கும். படங்கின் முன்னால் முழங்காலிட்டபடியே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

"பாத்தியே," என்று உதட்டை மட்டும் அசைத்தார். "பெரிய மனிசன்."

வாயில் இன்னும் அந்தக் கசப்பு இருந்தது. சட்டைக் கையில் துடைத்தேன், போகவில்லை. இவர்கள் இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ஆனாலும் இருவரும் ஒரே சட்டியிலிருந்து எனக்குப் போடுகிறார்கள். நான் விழுங்கினால் போதும்.

கைபேசியை நோக்கிக் குனிந்தேன்.

"பிரெபென், புத்தகத்தை எடுத்துத் திறவுங்கள். இருபத்தெட்டுக்கு நேரே வியாழக்கிழமை என்றும், உங்கள் பெயரையும் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டுங்கள்."