வீணா தமிழில் பதில் சொன்ன குற்றம்

மர்பி டவுனில் எங்கள் தெரு விளக்கு எரியவில்லை என்று சொல்லத்தான் வார்டு ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் உட்காரும் வீணா கன்னடக்காரப் பெண், துமகூரு பக்கம். நான் தமிழ். பிறந்ததே இந்த ஊரில்தான் என்பதால் கன்னடம் தண்ணீர் மாதிரி வரும். அவளிடம் நான் கன்னடத்தில்தான் பேசுவேன், அதுதானே மரியாதை. அவள் மட்டும் விட்டுக்கொடுப்பாளா? எனக்குத் தமிழில்தான் பதில் சொல்லுவாள். இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான்.

"நம்ம பீதி லைட் ஹோகிதேம்மா," என்று தெரு விளக்கு போனதைச் சொன்னேன்.

"எத்தினி நாளாச்சு பாட்டி? கம்பத்து நம்பர் எழுதிக்கினு வந்தீங்க அல்வா?" அவள் தமிழில் 'அல்லவா' மட்டும் கன்னட 'அல்வா'வாகவே வரும்.

பின்னால் வரிசையில் நின்ற ஹரிஷ்குமார் என்பவர் இதைப் போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். கன்னடத்து அஜ்ஜி, அதாவது பாட்டி, கன்னடத்தில் கேட்கிறாராம், ஆபீஸ்காரி தமிழில் பதில் சொல்கிறாளாம். கவுண்டரில் கன்னடம்தான் பேச வேண்டும் என்பது ஆபீஸ் விதி. மூன்றாம் நாள் வீணாவுக்கு நோட்டீஸ். அவளுடையது ஒப்பந்த வேலை. விசாரணையில் தப்பு என்று எழுதிவிட்டால் அந்த மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகவே போய் நின்றேன். அதிகாரி மஞ்சுநாத் மேசையில் இருந்தார். எதிரே ஹரிஷ்குமார். வீணா சுவரோரம் நின்றாள்.

"படத்துல இருக்கற அஜ்ஜி நான்தான் சார். நான் தமிழ்," என்று கன்னடத்தில் சொன்னேன்.

"அந்தப் பொண்ணக் காப்பாத்த வந்தீங்களா அஜ்ஜி? எங்க வீட்டம்மாவைவிட நல்லா கன்னடம் பேசறீங்க," என்று அவரும் கன்னடத்தில் சிரித்தார்.

நான் தமிழுக்கு மாறினேன். என் பெயர் வேதநாயகி, அப்பா பெயர் இராஜமாணிக்கம், மாமியார் ஊர் ஆனேக்கல், மாமியார் குணம் இன்னது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். மாமியாரை முடிக்கும் முன்பே அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் இவங்களக் கன்னடத்தவங்கன்னே நெனச்சிட்டேன் சார்," என்றார் ஹரிஷ்குமார், தலையைச் சொறிந்தபடி.

"எனக்குப் பெருமைதான் தம்பி. அவ சோறு போயிடும், அதான் வந்தேன்."

மஞ்சுநாத் நான் சொன்னதை வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துக் கேட்டார். எனக்குக் கன்னடம் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினார். அது கடைத்தெருக் கன்னடமில்லை, ஆபீஸ் கன்னடம். ஒரு வரியும் ஏறவில்லை.

"புரியாததுல எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

சுற்றிப் பார்த்தார். அந்த அறையில் இரண்டு மொழியும் முழுசாகத் தெரிந்தவள் ஒருத்திதான்.

"வீணா, நீயே சொல்லம்மா."

அவள் தாளை வாங்கி வரி வரியாகத் தமிழில் சொன்னாள். நடுவில் ஓர் இடத்தில் நின்றாள். ஆனாலும் தாண்டிப் போகவில்லை. "'மேற்படி ஊழியர், கன்னடத்துல பதில் தர்றதுக்கு மறுத்தாரு'ன்னு இங்க போட்டிருக்குது பாட்டி. நீங்க அப்டி சொன்னீங்களா?"

தன் கழுத்துக்கு வைத்த கத்தியைத் துடைத்து என் கையில் கொடுக்கிறாள். 'இல்லைன்னு சொல்லுங்க பாட்டி' என்று தமிழில் சொல்லிக்கொடுத்திருந்தால் அங்கே யாருக்கும் முழுசாகப் புரிந்திருக்காது, அவள் அப்படிச் செய்யவில்லை.

"நான் அப்படிச் சொல்லவேயில்ல சார். மறுக்கல. எனக்கு நல்லாப் புரியட்டும்னு என் பாஷையில பேசினா."

மஞ்சுநாத் பேனாவைத் திறந்தார். நோட்டீஸில் இருந்து அப்படியே பார்த்து எழுதிவிட்ட வரியாம் அது. அதை அடித்தார். கீழே புதிதாக ஒன்று எழுதி, "இதையும் சொல்லு," என்றார்.

"பொதுமக்களுக்குப் புரியற பாஷையில சேவை செஞ்சாங்க. நடவடிக்கை தேவையில்ல," என்று படித்தாள் வீணா. படித்து முடித்த பிறகுதான் அது தன்னைப் பற்றியது என்று உறைத்ததுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.