பெர்லினில் ஒரு மூடித் தேநீர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா: நான் பெர்லினைப் பார்த்ததில்லை. மலேசியாவில், காப்பார் ஊரில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, லெட்சுமி வாட்சப்பில் அனுப்பிய பதினேழு குரல் பதிவுகளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பதினேழில் ஒன்பது, கழிப்பறை தேடி அலைந்ததைப் பற்றியவை.*

கிள்ளான் லெட்சுமியின் மகன் பிரவினும், பிரிக்பீல்ட்ஸ் மார்க்கிரட்டின் மகள் சிந்துஜாவும் பெர்லினில் வேலை பார்க்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். மார்க்கிரட் சரி என்றுவிட்டாள். லெட்சுமி வாயே திறக்கவில்லை. இரண்டு அம்மாக்களும் சேர்ந்து ஊர் பார்த்தால் மனம் இளகும் என்று நம்பி, பிள்ளைகள் மூன்று நாளைக்கு வரவழைத்தார்கள். பாவம், பிள்ளைகள்.

* அவற்றைச் சேர்க்கவில்லை. நன்றி சொல்லுங்கள்.

2

முதல் முயற்சி: 'ஒரு காலத்தில் ஒற்றைச் சுவர் இரண்டாகப் பிளந்திருந்த அந்த மாநகரத்தில், பனி மெல்ல...'

பனி பெய்ததா என்று லெட்சுமியைக் கேட்டேன். "தெரியலக்கா. நான் தரையப் பாத்துதான் நடந்தேன். வழுக்கும்லா." அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: 'லெட்சுமி பசியோடு இருந்தாள்.' இது உண்மை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் சம்மதம் என்று ஆகிவிடும். சரி, ஊர் சுற்றப் போன இடத்தில் பெண் வீடு எங்கே இருக்கிறது? மார்க்கிரட்டின் கைப்பையில் இருக்கிறதாம்! அவள் நீட்டிய பிஸ்கட், மிட்டாய், வீட்டிலிருந்து கட்டிவந்த சம்பல் எதையும் தொடாமல், மகன் வாங்கித் தந்த காய்ந்த ரொட்டியைக் கடித்தே இரண்டரை நாளை ஓட்டியிருக்கிறாள். எழுதும் எனக்கே தலை சுற்றுகிறது.

3

(இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் லெட்சுமி வெறும் பிடிவாதக்காரியாகிவிடுவாள். இருக்கட்டும்.)

லெட்சுமியின் அம்மா இராஜம்மா, ரப்பர் தோட்டத்துக் கிராணி வீட்டில் துணி துவைத்தவர். ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த அந்தக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டுப் பின்வாசல் ஆணியில் இராஜம்மாவுக்கென்று ஒரு தகரக் குவளை தொங்கும். தேத்தண்ணி அதில்தான். குடித்த பிறகு கழுவி, திரும்ப ஆணியில் மாட்டுவது சிறுமி லெட்சுமியின் வேலை.

மார்க்கிரட்டும் யாழ்ப்பாணத்து வம்சம். ஆனால் அவளுடைய அப்பா ரயில்வே கிளார்க். தோட்டத்துப் பக்கமே போனதில்லை. இதை லெட்சுமியிடம் சொல்லிப் பாருங்கள்.

"அதே 'வாங்கோ போங்கோ' தானேக்கா!"

4

மூன்றாம் நாள். சுவர் இருந்த இடத்தில் இப்போது தரையில் இரட்டை வரிசையாகக் கல் பதித்திருக்கிறார்களாம். அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் மார்க்கிரட், இந்தப் பக்கம் லெட்சுமி.

நானே கற்பனை செய்திருந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். 'கதையில் உன்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தட்டுமா?' என்று லெட்சுமியைக் கேட்டேன். "நின்னது நானு, நகத்துறது நீங்களா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

பிள்ளைகள் படம் எடுக்கப் போயிருந்தார்கள். மார்க்கிரட் பிளாஸ்கைத் திறந்தாள். அதற்கு ஒரே மூடி. அதில் தேநீர் ஊற்றி, வாய் வைத்துப் பாதி குடித்தாள். மிச்சத்தை, அதே மூடியோடு, துடைக்காமல், கல்லைத் தாண்டி நீட்டினாள்.

"குளிருது. குடியுங்கோ, லெட்சுமி."

"ஒங்க எச்சிலு."

"ஓம். எனக்கும் உங்களுக்கும் இது ஒண்டுதான்."

லெட்சுமி அண்ணாந்து குடித்து வளர்ந்தவள். எச்சில் மூடியை நீட்டினால் அவளுக்கு அவமானம். ஆனால் தகரக் குவளைக் கதை மார்க்கிரட்டுக்குத் தெரியும். முந்தின நாள்தான் லெட்சுமியே ரயிலில் அதைச் சொல்லிக் குத்திக் காட்டியிருந்தாள். தெரிந்தும் ஒருத்தி தன் வாய் பட்ட மூடியையே நீட்டினால், அது...

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

5

"குடிச்சியா, இல்லையா?"

"நீங்களே ஒண்ணு எழுதுங்கக்கா."

எழுதினேன். முடிவு ஒன்று: குடித்தாள். "நான் எப்ப சொன்னேன்?" முடிவு இரண்டு: தட்டிவிட்டாள். "ஐயோ, அந்தம்மா கை வெந்திருக்குமே!" முடிவு மூன்று: தேநீர் ஆறிப்போனது. "அது வேஸ்ட்லா."

மார்க்கிரட்டைக் கேட்டால், "அவவையே கேளுங்கோ" என்கிறாள். பிரவின் வேறு போன் செய்கிறான்: "பெரிம்மா, நீங்களாச்சும் கேட்டுச் சொல்லுங்க. ரெஜிஸ்டர் பண்ண டேட் எடுக்கணும்." எழுபத்தோரு வயதில் எனக்கு இது தேவையா?

6

ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் இதை உங்களுக்கு வாசிப்பேன். இருவரும் வருகிறார்கள். மார்க்கிரட்டிடம் அதே பிளாஸ்கைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வேறு கோப்பை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். இந்த வரி வந்ததும் நோட்டை மூடிவிடுவேன். அப்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள், கண்ணுகளா. லெட்சுமியின் கையைப் பாருங்கள்.

(மண்டபத்துக்கு வர முடியாமல் அச்சில் படிப்பவர்களுக்கு: மார்க்கிரட் இன்னும் மூடியை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். அவளுக்குத் தோள் வலி வேறு. முடிவை நீங்களே எழுதுங்கள், சீக்கிரம்.)